'வேண்டாம்' எனும் உரிமை

தொண்டு செய்ய வந்து நிற்பவரிடம், "எங்களுக்கு வேண்டாம், போய் வாருங்கள்" என்று சொல்லும் உரிமை ஏழைக்கு உண்டா? இவ்வினாவை எழுப்பிய உரை ஒன்று, அரை நூற்றாண்டு கடந்த பின்னும் இன்றளவும் படிக்கப்படுகிறது. 1968 ஏப்ரல் திங்களில், அருட்பணியாளர் இவான் இல்லிச், அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரை அது. கோடை விடுமுறையில் மெக்சிகோ நாட்டுச் சிற்றூர்களுக்குச் சென்று தொண்டாற்ற ஆயத்தமாகியிருந்த இளைஞர்கள் அவர்கள். தம்முடைய எதிர்ப்பை அறிந்தே தம்மை அழைத்திருக்கிறார்கள் என்பதை முதலிலேயே சுட்டிக்காட்டிவிட்டு, இல்லிச் அவர்களிடம் கூறியது ஒன்றுதான்: போகாதீர்கள்.

நரகத்துக்குச் செல்லும் பாதை நல்லெண்ணங்களால் பாவப்பட்டது என்பது மேலைநாட்டுப் பழமொழி. இவ்வுரை பின்னர் அச்சில் பெற்ற தலைப்போ, நல்லெண்ணங்களையே நரகத்துக்குப் போகச் சொல்கிறது. தலைப்பின் கடுமையைக் கண்டு நூலை மூடிவிடுவோர் உண்டு. கடுமையில் மகிழ்ந்து, உள்ளே சொல்லப்பட்டதை ஆராயாமல் கைதட்டுவோரும் உண்டு. இரு சாராரும் உரையைப் படித்தவர் ஆகார்.

இல்லிச் வெளியில் நின்று கல்லெறிந்தவர் அல்லர். 1926-இல் வியன்னாவில் பிறந்த அவர், நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோ மக்கள் குடியேறிய பங்கில் பணியாற்றி, அவர்களுடைய மொழியையும் வாழ்வையும் கற்றார். பின்னர் அவர்களுடைய தீவிலேயே கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றார். 1961-இல், வட அமெரிக்கத் துறவற சபைகள் தம் உறுப்பினருள் பத்தில் ஒரு பங்கினரை இலத்தீன் அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும் என உரோமை கேட்டுக்கொண்டது. திருத்தந்தை 23ஆம் அருளப்பரின் காலம் அது. அதே ஆண்டில் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில் இல்லிச் ஒரு நிலையத்தை நிறுவி, அவ்வாறு வருவோருக்கு இசுபானிய மொழியைக் கற்பித்தார். வருபவர்களை ஆண்டுக்கணக்கில் அருகிருந்து பார்த்தவரின் உரை இது என்பதை மறந்துவிடலாகாது.

அவருடைய வாதத்தைச் சுருக்கிச் சொன்னால் மூன்றாகும். முதலாவது, தொண்டர் வெறுங்கையோடு செல்வதில்லை. தம் நாட்டின் நடுத்தர வகுப்பு வாழ்க்கையையே உயர்ந்த வாழ்க்கை எனத் தம்மை அறியாமலே விற்பனை செய்கிறார். அதை வாங்கும் வழியோ அச்சிற்றூராருக்கு இல்லை. இரண்டாவது, தொண்டரின் அனுபவத்துக்கு ஊரே விலை கொடுக்கிறது. 'நான் அங்கே நிறையக் கற்றுக்கொண்டேன்' என்று திரும்பி வந்து மகிழ்வோர், தாம் போயிருக்கவே வேண்டியதில்லை என்ற தெளிவைப் பெறுவதற்குக்கூட ஏழைகளே செலவு செய்ய வேண்டியிருக்கிறது. மூன்றாவதே இவ்வுரையின் உயிர்நாடி: வந்தவருக்கு ஊரின் மொழி தெரியாதபோது, ஊரார் அவரைப் போகச் சொன்னாலும் அவருக்குப் புரியப்போவதில்லை. ஆகவே, ஏழைக்குத் தொண்டு செய்தே தீருவேன் என்பவர், தம்மை விரட்டக்கூடிய ஏழையரிடையே, தம் சொந்த நாட்டிலேயே செய்யட்டும் என்கிறார் இல்லிச். மெக்சிகோவுக்குப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்று முடிக்கிறார்.

பள்ளியை எண்ணிப் பார்ப்போருக்கு இவ்வாதத்தின் வலிமை விளங்கும். கிணறு வெட்டித் தந்தவர் மறுநாளே ஊரைவிட்டுப் போனாலும் கிணறு தண்ணீர் தரும். ஆசிரியர் அப்படிப் போய்விட முடியாது. ஆறு வாரத்துக்கென வருபவர், பிள்ளைகளின் பெயர்களைப் பழகுவதற்குள் மூன்று வாரம் கழிந்துவிடுகிறது. அவர் கற்பித்த ஆங்கில எழுத்துகளையும் பாட்டையும் அடுத்து வருபவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். உள்ளூர் ஆசிரியரோ, விருந்தினருக்காக வகுப்பை விட்டுக்கொடுத்துச் சுவரோரம் நிற்கிறார். விருந்தினர் கொண்டுவந்த வண்ணப் படங்களையும் இனிப்புகளையும் கண்ட பிள்ளைகளுக்கு, ஆண்டு முழுவதும் உடனிருக்கும் தங்கள் ஆசிரியர் சிறியவராகத் தோன்றுகிறார். யாரும் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் தீங்கு நிகழ்ந்துவிடுகிறது. இன்று கட்டணம் வாங்கிக்கொண்டு இத்தகைய பயணங்களை ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள் பல நாடுகளில் பெருகியுள்ளன. இல்லிச் கண்ட கோடை விடுமுறை இன்று ஒரு வணிகமாகவே வளர்ந்துவிட்டது.

இவ்வளவையும் ஏற்ற பின்னரும், உரையை முழுவதும் ஏற்க நம்மால் இயலவில்லை. இரண்டு மாதத்துக்கு வரும் மாணவரையும் ஆண்டுக்கணக்கில் தங்குபவரையும் இல்லிச் ஒரே கயிற்றால் கட்டுகிறார். 1961-இல் தொடங்கிய அமெரிக்க அமைதிப் படையின் தொண்டர்கள் இரண்டாண்டு தங்குகிறார்கள். அதற்கு முன் ஏறத்தாழ மூன்று மாதம் உள்ளூர் மொழியும் பழக்கமும் பயில்கிறார்கள். இதுவரை 2,40,000-க்கும் மேற்பட்டோர் அதில் பணிபுரிந்திருக்கிறார்கள். அவர்களுள் ஆசிரியராய்ச் சென்றோர் மிகப் பலர். அவர்கள் அனைவரும் வெறும் விற்பனையாளர் என்பது நேர்மையான தீர்ப்பாகாது. மேலும், சிற்றூர் மக்களை இல்லிச் சற்றுக் குறைத்தே மதிப்பிடுகிறார். மறுப்பதற்கு மொழி ஒன்றே வழி அன்று. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பதும், தலையை ஆட்டிவிட்டுத் தன் வழியே போவதும், முதுகுக்குப் பின்னால் சிரிப்பதும் ஏழையின் பழைய மறுப்புரைகளே. எல்லாவற்றுக்கும் மேலாக, வியன்னாவில் பிறந்து மெக்சிகோவில் கற்பித்த அவருடைய வாழ்வே அவருடைய தடையை மறுக்கிறது. அயலார் வரலாகாது என்பதன்று, எப்படி வர வேண்டும் என்பதே அவர் வாழ்ந்து காட்டிய பாடம். உரையைவிட உரைத்தவர் பெரியவராக நிற்கும் இடம் இது.

எப்படி வர வேண்டும்? இதற்கு விடையாக, இல்லிச்சின் உரைக்கு ஓராண்டு முன்னர் இத்தாலியில் வெளியான மற்றொரு நூலை அருகில் வைத்துப் படிக்கலாம். 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்பது அதன் பெயர். புளோரன்சு நகரின் வசதிமிக்க குடும்பத்தில் பிறந்த அருட்பணியாளர் லொரென்சோ மிலானி, 1954 டிசம்பரில் பார்பியானா என்னும் சின்னஞ்சிறு மலையூருக்கு அனுப்பப்பட்டார். அவர் கடல் கடந்து போகவில்லை. ஆயினும் அம்மலைமக்களுக்கு அவர் வேற்று உலகத்தவரே. வந்து சேர்ந்த மறுநாளே அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் தமக்கென ஓர் இடத்தை வாங்கினார் மிலானி. திரும்பிச் செல்லும் பயணச்சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருபவருக்கும், கல்லறைக்கு இடம் வாங்கிவிட்டு வகுப்பைத் தொடங்குபவருக்கும் உள்ள தொலைவை நாம் விளக்க வேண்டியதில்லை.

மொழியே மனிதரைச் சமமாக்கும் என்று நம்பிய மிலானி, அரசுப் பள்ளி தோற்கடித்து வெளியே தள்ளிய உழவர் பிள்ளைகளுக்கு ஞாயிறும் விடுமுறையும் பாராமல் கற்பித்தார். அதன் கனி என்ன? மாணவர் எண்மர் சேர்ந்து, தங்களைத் தோற்கடித்த கல்விமுறையைக் கேள்வி கேட்டு அந்நூலை எழுதினர். அது 1967 மே திங்களில் வெளிவந்தது. அடுத்த மாதம் மிலானி 44ஆம் வயதில் இறந்தார். ஏழைக்கு மறுத்துப் பேச இயலவில்லையே என்று இல்லிச் வருந்தினார். மறுத்துப் பேசும் மொழியை ஏழையின் பிள்ளைக்குக் கொடுப்பதே ஆசிரியரின் பணி எனப் பார்பியானா செயலில் காட்டிற்று. ஒருவர் நோயைச் சொன்னார். மற்றவர் மருந்தை அரைத்துக் கொடுத்தார்.

தமிழ் வாசகர் இவ்வுரையை இரு இருக்கைகளில் அமர்ந்து படிக்கலாம். ஒரு காலத்தில் நாமே அச்சிற்றூர். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், நம்மவர் துணையோடு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து ஒப்பித்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளாரோ தமிழை முறையாகக் கற்று, 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறக் காரணரானார். மாணவராய் அமர்ந்த பின்னரே அவர் ஆசிரியரானார். இன்றோ நிலை மாறிவிட்டது. நம் இல்லங்களிலிருந்து அருட்சகோதரியரும் குருக்களும் ஆப்பிரிக்க நாடுகளின் சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் செல்கிறார்கள். நம் இளைஞர் சிலரும் ஓராண்டு தொண்டாற்ற விழைகிறார்கள். ஏழை நாட்டிலிருந்து போகிறோம், ஆகவே நம்மிடம் ஆணவம் இராது என எண்ணிவிடலாகாது. ஆங்கிலமும் பட்டமும் கையிலிருப்போர் எந்நாட்டவராயினும், அவை இல்லாதோர்முன் உயர்ந்த பீடத்தில் அமர்வது எளிது.

சீடரை அனுப்பிய ஆண்டவர் பணப்பையின்றி, பையின்றி, மிதியடியின்றிப் போகச் சொன்னதாக லூக்கா எழுதுகிறார். கொடுப்பதை உண்ண வேண்டும். ஏற்காத ஊரைவிட்டு வெளியேற வேண்டும். ஊருக்கு மறுக்கும் உரிமை உண்டு என்பது, அனுப்பும்போதே சேர்த்துச் சொல்லப்பட்ட செய்தி. இல்லிச்சின் சினத்துக்கு அடியில் இப்பழைய கட்டளைதான் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

எனவே, அயல்நாட்டுச் சிற்றூருக்கு ஆசிரியராய்ச் செல்ல விழையும் இளைஞரிடம் 'போகாதே' என்று நாம் சொல்லவில்லை. இல்லிச்சின் உரையை முதலில் படித்துவிட்டு, மூன்று வினாக்களுக்கு விடை தேடட்டும். நம்மை அழைத்தவர் யார்? அங்குள்ள ஆசிரியர் நம் வருகையால் வளர்வாரா, குறைவாரா? அவ்வூர்த் தாய் ஒருத்தி, 'என் பிள்ளைக்கு உன் பாடம் வேண்டாம்' என்று தன் மொழியில் சொன்னால், அது நமக்கு விளங்கும்வரை அங்கே தங்கி, அம்மொழியைக் கற்க மனம் உண்டா? மூன்றாம் வினாவுக்கு 'உண்டு' என்று சொல்ல முடிந்தவர் போகலாம். மற்றவர் ஒரு மாணவராக மட்டும் போய் வரட்டும். அதுவும் நல்ல பயணமே.