ஊசிக்குத்தும் விபத்துதான்

மருத்துவக் கழிவு ஏற்றிய லாரி கவிழ்ந்தால் அது பெரும் விபத்து; 24 மணி நேரத்துக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும். ஊசிக்குத்துக் காயத்தையோ பெரும் விபத்தின் வரையறையிலிருந்து பெயர் சொல்லியே விலக்கியிருக்கின்றன 2016-ம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். அந்தக் காயம் ஆண்டறிக்கையில் இடம்பெற்றால் போதுமாம்.

இந்த விதிகள் மருத்துவப் பணியாளரை எந்த அளவுக்குக் காக்கின்றன? மேலூர் வட்டத்துத் திருவாதவூர் போன்ற ஊரில் வைத்துத்தான் இதைச் சோதிக்க வேண்டும். புதன்கிழமை தடுப்பூசி நாள். கிராம சுகாதார செவிலியர் கையில் இருப்பது ஒரே ஒரு முறை மட்டும் இயங்கும் சிரிஞ்சு. மருந்து இறங்கியதும் பிஸ்டன் பூட்டிக்கொள்ளும். மறுபடி இழுத்தால் வராது. அடுத்த குழந்தைக்கு இது உறுதியான காவல். ஆனால் ஊசிமுனை மூடிக்கொள்வதில்லை. வீறிட்டுத் துள்ளும் குழந்தையின் தொடையிலிருந்து உருவி, கட்டரில் வைத்து நறுக்கும்வரை அது செவிலியரின் விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குழந்தைகளிடம் ஆபத்து குறைவுதான். லேப் டெக்னீஷியன் ரத்தம் எடுக்கும் ஊசியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதன் குழலுக்குள் ரத்தம் தங்கியிருக்கும்.

தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வர வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வர வாய்ப்பு 30 சதவீதம் வரைகூடப் போகும். ஆனால் எச்.ஐ.வி.க்குத்தான் தனிச் சட்டம் இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள அது பாதுகாப்பு முறைகள், பயிற்சி, குத்துப்பட்டபின் தரும் தடுப்பு மருந்து ஆகிய மூன்றையும் நிர்வாகத்தின் கடமையாக்குகிறது. நல்ல சட்டம். பல மடங்கு எளிதாகத் தொற்றும் ஹெபடைடிஸ் பி-க்கோ கழிவு விதிகளுக்குள் ஒரு பிரிவுதான். கழிவைக் கையாளும் எல்லோருக்கும் தடுப்பூசி போட வேண்டும் என்கிற அந்தப் பிரிவை இவ்விதிகளிலேயே சிறந்ததாக நான் மதிக்கிறேன். ஆனால் மூன்று தவணையும் முடிய ஆறு மாதம் ஆகும். இடையில் ஒப்பந்ததாரர் மாறினால், பயன்படுத்திய ஊசிகள் சேரும் வெள்ளை டப்பாவைத் தூக்கும் தூய்மைப் பணியாளருக்கு மூன்றாவது ஊசி விழுந்ததா என்று யார் பார்ப்பது?

ஒவ்வொரு குத்தும் வாரியத்துக்குப் போனால் அலுவலகம் தாங்காது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், அங்கே போகவும் வேண்டாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. குத்துப்பட்டவர் அதே மணி நேரத்தில், திட்டு வாங்கும் பயமில்லாமல், தன் மருத்துவ அலுவலரிடம் சொல்லக்கூடிய ஏற்பாடு வேண்டும். அந்த அவசரத்துக்கு ஆண்டறிக்கை உதவாது. அமெரிக்காவின் 2000-ம் ஆண்டுச் சட்டம் ஊசிக்காயங்களுக்குத் தனிப் பதிவேடு கேட்டது. பாதுகாப்பான ஊசியைத் தேர்ந்தெடுக்கும்போது அதைப் பயன்படுத்தும் ஊழியரையே கலந்துகொள்ளச் சொன்னது.

கழிவுச் சட்டம் என்ற அளவில் 2016 விதிகள் தேறுகின்றன. பணியாளர் பாதுகாப்பு என்று பார்த்தால் தேறவில்லை. முனை மூடிக்கொள்ளும் ஊசி விலை கூடுதல், எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் வராது. ரத்தம் எடுக்கும் மேசையிலிருந்து தொடங்கலாம். மூன்றாவது தவணைக்கும் குத்துப்பட்டபின் தரும் முதல் மாத்திரைக்கும் அந்தச் சாக்கு செல்லாது. இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, ஞாயிறு இரவும் கிடைக்க வேண்டும்.