மறைக்கப்பட்ட தொப்பி

யூத இனப்படுகொலையைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். பாரிஸில் 2005இல் திறக்கப்பட்ட ஷோவா நினைவகத்திலும், ஜெருசலேமின் யாட் வாஷெமிலும், வாஷிங்டன் அருங்காட்சியகத்திலும் இதற்கென வகுப்புகள் நடக்கின்றன. வரலாறு படித்துப் பட்டம் பெற்ற ஆசிரியருக்கு இன்னொரு பயிற்சி எதற்கு? பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவந்து இந்நகரின் உணவகங்களில் கோப்பை கழுவும் எமக்கு இதில் என்ன வேலை? இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். அந்த ஆசிரியர்களின் முன் உட்கார்ந்திருப்பவர்களில் எமது பிள்ளைகளும் உண்டு. முதலாவது கேள்விதான் யோசிக்க வைக்கிறது.

2008 பெப்ரவரியில் அன்றைய ஜனாதிபதி சார்க்கோஸி ஒரு யோசனையை முன்வைத்தார். பிரான்சிலிருந்து நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட ஏறத்தாழ 11,000 யூதக் குழந்தைகளில் ஒருவரின் நினைவை, ஆரம்பப் பாடசாலையின் கடைசி வகுப்பில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அது. கேட்கும்போது மனம் உருகத்தான் செய்தது. ஆனால் அவுஸ்விச்சிலிருந்து உயிர் மீண்ட சிமோன் வேய் அம்மையாரே அதைக் கடுமையாக எதிர்த்தார். பத்து வயதுப் பிள்ளையின் தோளில் இறந்த பிள்ளை ஒன்றை ஏற்றக்கூடாது என்பது அவரது நிலைப்பாடு. யோசனை கைவிடப்பட்டது. கண்ணீரும் அறிவும் ஒன்றல்ல என்பதை இந்தச் சம்பவம் பலருக்கு உணர்த்தியது.

பயிற்சிகள் சொல்லும் விதிகளும் இதையொட்டியவையே. வகுப்பறையில் வதைமுகாம் நாடகம் போடாதே. அதிர்ச்சிக்காகப் பிணக்குவியல்களின் படங்களைக் காட்டாதே. பிள்ளையைப் பாதுகாப்பாக உள்ளே அழைத்துச் சென்று பாதுகாப்பாக வெளியே கொண்டு வா. கொல்லப்பட்டவர்களை வெறும் இலக்கமாக்காமல், கொல்லப்படுவதற்கு முன் அவர்கள் வாழ்ந்த வாழ்வையும் சொல். ஒருவர் துன்பத்தை இன்னொருவர் துன்பத்தோடு தராசில் வைக்காதே. இவற்றில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் இவையெல்லாம் 'எப்படி' என்பதற்கான விதிகள். 'எதை' என்பது இன்னொரு கேள்வி.

இங்கிலாந்தில் 1991இலிருந்து இது கட்டாய பாடம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் ஏறத்தாழ 8,000 மாணவர்களை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட அறிக்கை என்ன சொன்னது? பெரும்பாலான பிள்ளைகள் ஹிட்லர் என்ற ஒருவரையே மையமாக வைத்து முழுவதையும் விளங்கிக்கொண்டிருந்தார்கள். பொலிஸ்காரர், எழுதுவினைஞர், ரயில் ஓட்டியவர், அயல்வீட்டார் எவரும் அந்தச் சித்திரத்தில் பெரிதாக இல்லை. பாடம் நடந்திருக்கிறது, பிள்ளைகள் கலங்கியுமிருக்கிறார்கள். ஆனால் அது எப்படி நடந்தது என்று தெரியாது.

பிரான்சில் இதற்கு நல்ல உதாரணம் ஒரு திரைப்படம். அலன் ரெனேயின் 'இரவும் மூடுபனியும்', 1956. தலைமுறை தலைமுறையாகப் பாடசாலைகளில் காட்டப்பட்ட படம். அதில் பித்திவியே முகாமைக் காவல் காக்கும் பிரெஞ்சு ஜொந்தார்ம் படைக்காரர் ஒருவரின் தொப்பி தெரிந்தது. தணிக்கையாளர்கள் விடவில்லை. தொப்பியின் மேல் ஒரு மரச்சட்டத்தை வரைந்து மறைத்த பிறகே படம் வெளிவந்தது. 'யூதர்' என்ற சொல் அந்தப் படத்தின் வர்ணனையில் ஒரேயொரு தடவைதான் வருகிறது. நல்ல மனதோடு இந்தப் படத்தைப் போட்டுக்காட்டிய ஆசிரியருக்கு, தான் எதைக் காட்டவில்லை என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்தத் தொப்பியின் கீழே இருந்தது இதுதான். 1940 ஒக்டோபரில் பாரிஸ் பகுதி யூதர்கள் பொலிஸ் நிலையங்களில் பதியும்படி கட்டளையிடப்பட்டார்கள். அந்தப் பதிவுகளைக் கொண்டு பாரிஸ் பொலிஸ் பிரிபெக்தூர் பெரியதொரு அட்டைக் கோப்பைத் தயாரித்தது. 1942 ஜூலை 16, 17ஆம் திகதிகளில் 27,000க்கும் மேற்பட்ட அட்டைகளோடு பிரெஞ்சுப் பொலிசார் வீடு வீடாகப் போனார்கள். 13,152 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் 4,115 பேர் குழந்தைகள். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் சேர்த்து அனுப்பலாம் என்று முன்மொழிந்தவர் பிரெஞ்சு அரசின் தலைவராயிருந்த லவால். ஜேர்மனியர் அதுவரை அதைக் கேட்டிருக்கவில்லை.

இக்கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. அட்டையில் பெயர் இருந்தவர்களில் பாதிப்பேர் பிடிபடவில்லை. முதல்நாளே செய்தி கசிந்திருந்தது. சில பொலிஸ்காரர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், சில அயலவர்கள் கதவு திறந்து உள்ளே எடுத்தார்கள். ஆக, ஒரே சீருடைக்குள் இருந்து வேறு விதமாகவும் நடக்க முடிந்திருக்கிறது. பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடம் எது?

1995 ஜூலை 16இல் சிராக் பேசும்வரை எந்தப் பிரெஞ்சு ஜனாதிபதியும் அரசின் பொறுப்பை வெளிப்படையாக ஏற்கவில்லை. ஆசிரியருக்குப் பயிற்சி எதற்கு என்பதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது. ஆசிரியரும் தொப்பி மறைக்கப்பட்ட படத்தைப் பார்த்து வளர்ந்தவரே. இன்று ஷோவா நினைவகம் இதை மறைப்பதில்லை. 2012இல் திரான்சியில் திறந்த அதன் மையம், ஜொந்தார்ம்கள் காவல் காத்த அதே கட்டிடத்திற்கு நேரெதிரே நிற்கிறது. ஆனால் பயிற்சி என்பது 'இனி ஒருபோதும் வேண்டாம்' என்று சொல்லி, மெழுகுதிரி ஏற்றி, அத்தாட்சிப் பத்திரம் வாங்கிக்கொண்டு வீடு போவதாகச் சுருங்குமானால், மரச்சட்டம் மறுபடியும் வரையப்படுகிறது என்றே சொல்லுவோம். ஆசிரியரின் கையில் முதலில் கொடுக்கவேண்டியது அட்டைக் கோப்பு. கண்ணீர் தானாக வரும்.

இதை எழுதும்போது எமது வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் நினைவுக்கு வருகின்றன. 1983ஐயும் 2009ஐயும் அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம், சொல்லத்தான் வேண்டும். துன்பங்களைத் தராசில் வைக்கக்கூடாது என்ற விதியை நாமும் மதிக்கிறோம். யூதருக்கு நடந்ததும் எமக்கு நடந்ததும் ஒன்றென்பதல்ல எமது வாதம். நாம் கேட்பது கற்பிக்கும் நேர்மை பற்றியது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அயல்வீட்டாராக நாம் அப்போது என்ன செய்தோம்? எமது பாடசாலைகளில் எத்தனை ஆசிரியர்கள் இந்தக் கேள்வியைப் பிள்ளைகளின் முன் வைக்கிறார்கள்?

பிரெஞ்சு ஆசிரியர் தன் நாட்டுப் பொலிஸ்காரரின் தொப்பியை எமது பிள்ளைக்குக் காட்டவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பிள்ளை வீட்டுக்கு வந்து எமது படத்தில் மறைந்திருப்பது யார் என்று கேட்டால், நாமும் பதில் வைத்திருக்க வேண்டும்.