யாருடைய பாதம், யாருடைய கை

பெரிய வியாழன் பின்னேரம், ஆலயத்துக்குப் புறப்படுவதற்கு முன், பீலிக்கரையில் சிலர் குதிகாலைக் கல்லில் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். அன்றிரவு சாமி பாதம் கழுவப்போகிற பன்னிரண்டு பேர் அவர்கள். கழுவுவதற்கென்றே நீட்டப்போகிற காலை வீட்டிலேயே சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் போவது வேடிக்கைதான். ஆனால் ஹட்டன், டிக்கோயா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் சிரிப்பு வராது. அட்டை கடித்த தழும்பும் சேற்றுப்புண்ணும் உள்ள காலை ஒரு பெரிய மனிதர் கையில் வைக்க அவர்களுக்குக் கூச்சம். காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டத் துரைக்கு முன் கைகட்டி நின்ற பரம்பரை அது. மலையகத்தில் கிறிஸ்தவ வழிபாட்டின் ஆகச் சிறந்த நிமிடம் எதுவென்று என்னைக் கேட்டால், அந்தக் கூச்சத்தின் முன்னால் ஒரு குருவானவர் முழந்தாளிட்டுத் தண்ணீர் ஊற்றுகிற நிமிடத்தைத்தான் சொல்வேன்.

குறையும் அங்கேயேதான் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு கதிரைகளில் நெடுங்காலம் ஆண்களே உட்கார்ந்தார்கள்: தோட்டத் தலைவர், ஆலயக் குழுவினர், கணக்கப்பிள்ளை வீட்டுப் பெரியவர். மலையில் கொழுந்தெடுத்து ஏறி இறங்கும் கால்களோ பெரும்பாலும் பெண்களுடையவை. அந்தக் கால்களுக்கு உரியவர்கள் முக்காடிட்டுப் பின்வரிசையிலிருந்து பாடிக்கொண்டிருந்தார்கள். பாப்பரசர் பிரான்சிஸ் 2013இல் உரோமையின் சிறார் சிறையொன்றில் இளம்பெண்களின் பாதத்தையும் கழுவினார். 2016 ஜனவரியில் விதியே திருத்தப்பட்டது. பெண்களையும் தெரிவுசெய்யலாம் என்றானது. ஆனால் உரோமையில் திருந்திய விதி தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் பெயர்ப்பட்டியல் வழக்கம்போல எழுதி முடிந்துவிடுகிறது.

தன்னைப் பின்னால் வைத்துப் பிறரை முன்னால் நிறுத்தப் பழகுவதுதான் கிறிஸ்தவ வழிபாட்டின் உயிர்நாடி. அப்பம் பிட்கப்படுவது, காணிக்கைத் தட்டு சுற்றிவருவது, சமாதானம் சொல்லிப் பக்கத்தில் நிற்பவரைக் கும்பிடுவது எல்லாமே அதற்கான பயிற்சி. பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்தப் போதனையோடு எனக்குப் பிணக்கில்லை. யாரைப் பார்த்து அது சொல்லப்படுகிறது என்பதில்தான் பிணக்கு. மேலே நிற்பவரிடம் சொன்னால் அது நற்செய்தி. தலைமுறைகளாகக் கடைசியில் நிற்பவரிடமே திரும்பத் திரும்பச் சொன்னால், துரை பெரட்டில் சொன்னதைச் சாமி பீடத்தில் சொன்னதாக ஆகிவிடும்.

அப்படி ஆன வரலாறு இங்கே உண்டு. 1854இல் அங்கிலிக்கன் மிஷனரிச் சங்கத்தின் பொறுப்பில் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோட்டத் துரைமாரின் பணத்தையும் நம்பியே நடந்தது. பெயரைப் பாருங்கள், ஆத்துமாவைத் தேடி வந்தவர்களும் எங்களைக் கூலியென்றுதான் பதிந்தார்கள். உபதேசியார்கள் லயம் லயமாக நடந்தார்கள், வேதத்தோடு எழுத்தையும் கற்பித்தார்கள். அந்த எழுத்துக்கு மலையகம் இன்றும் கடன்பட்டிருக்கிறது. ஆனால் சம்பளம் போடுகிறவரே உபதேசத்துக்கும் செலவு செய்யும்போது பொறுமை, கீழ்ப்படிவு பற்றிய பிரசங்கங்கள் எந்தப் பக்கம் சாயும்? கங்காணியின் கடனில் ஆளைக் கட்டிவைத்த துண்டு முறை 1921 வரை சட்டத்தில் இருந்தது. டிக்கோயாவில் 1878இல் எழுந்த வார்லி கிறிஸ்து ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்த கற்களின் கீழே துரைமார் உறங்குகிறார்கள். அதே காலத்தில் மாண்ட தொழிலாளியின் குழி எந்த மலையில் என்று அவனுடைய கொள்ளுப்பேரனுக்குத் தெரியாது.

மறுபக்கச் சான்றும் வலுவானதே. இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் அங்கே ஒன்றாக இருந்து வேலை செய்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களில் உயிர்களைக் குடித்தது. 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களின் பசியையும் உரிமையையும் கஸ்பர்ஸ் எழுத்திலும் மேடையிலும் விடாமல் பேசினார். தொழிலாளியிடம் அவர் தியாகம் கேட்கவில்லை. விட்டுக்கொடுக்க வசதி உள்ளவர்களிடம் கேட்டார், முதலில் தன்னிடம்.

அன்றாடத்தில் இதைவிடச் சிறிய, ஆனால் குறையாத நன்மையொன்று நடக்கிறது. லயத்தில் ஒருத்தி நோயில் விழுந்தால் ஜெபக்கூட்டம் அவள் காம்பராவிலேயே கூடும். பாட்டு முடிந்ததும் ஒருத்தி அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ரொட்டி சுடுவாள். இன்னொருத்தி ஓட்டோவுக்குக் காசு சேர்த்து, மறுநாள் அவளை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். அதன் விலை வெளியாருக்குத் தெரியாது. தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். 18 கிலோ, சில தோட்டங்களில் 20 கிலோ கொழுந்து நிறுத்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ஆஸ்பத்திரிக்குத் துணைபோனவளுக்கு அன்று பேரே விழாது. நாட்சம்பளம் 2021இல்தான் 1000 ரூபாயைத் தொட்டது; 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாயானது. அயலாளுக்காக அதை இழக்கிறவளுக்குப் பிறரன்பைப் பற்றி நாம் எதைப் போதிப்பது?

போதிக்கிறோம், அதுவும் தவக்காலம் தவறாமல். ஒருமுறை, ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டு அந்தக் காசைக் காணிக்கையாகத் தாருங்கள் என்று பிரசங்கத்தில் கேட்கப்பட்டபோது, எனக்குப் பக்கத்தில் இருந்த பாட்டி மெல்லச் சொன்னார்: “நாம எப்பவும் கடைசியிலதானே நிக்கிறோம், இன்னும் எங்குட்டுப் போயி நிக்கிறது?” விடிவதற்கு முன் எழுந்து, எல்லாருக்கும் ரொட்டி தட்டிக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதைச் சாயத்தண்ணியில் நனைத்துத் தின்றுவிட்டு மலைக்கு ஓடியவர் அவர். 2016ஆம் ஆண்டு அரசு ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17 வீதம். இந்த வீடுகளில் ஒரு வேளையை விடச் சொன்னால் யாருடைய வேளை போகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அமெரிக்க இறையியலாளர் வலேரி சேவிங் 1960இலேயே இதைத் தொட்டார். அகந்தைதான் மூலப்பாவம் என்பது ஆண்களின் அனுபவத்திலிருந்து எழுந்த பேச்சு, பெண்ணின் ஆபத்து தன்னையே தொலைத்துவிடுவதில் இருக்கிறது என்றார். ஆனால் அமெரிக்காவரை போக வேண்டியதே இல்லை. கொரிந்து சபையில் வசதியானவர்கள் முன்னதாக வந்து தின்று குடித்து முடிக்க, ஏழைகள் பசியோடு நின்றார்கள். அது ஆண்டவருடைய இராப்போசனமே ஆகாது என்று பவுல் சீறினார். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று அவர் சொன்னது முதலில் உண்டவர்களிடம்தான்.

கொடுக்கிற மதிப்பை ஏழையிடமிருந்து பறிக்கலாமா, விதவையின் இரண்டு காசை இயேசு மெச்சவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கையிலிருப்பதைக் கொண்டுவந்து பீடத்தில் வைக்கிறவளின் முகத்தில் ஒரு நிமிர்வு வருவதை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் மாற்குவில் அந்தக் கதைக்கு நேர் முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகர்களை அவர் கண்டிக்கிறார். காணிக்கைப் பிரசங்கங்களில் அந்த வசனத்தை மட்டும் தாண்டிவிடுகிறார்கள்.

லயங்களுக்குள் வளர்ந்துள்ள சிறு ஜெபச் சபைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை பல ஆண்களைச் சாராயத்திலிருந்து மீட்டிருக்கின்றன. சம்பளம் முழுதாக வீடு வந்த மாற்றத்தை மனைவிமார் சாட்சியாகவே சொல்வார்கள். ஆனால் விசுவாசியானதும் காமன் கூத்துக்குப் போகக்கூடாது, தப்படிக்கிற சாவு வீட்டில் நிற்கக்கூடாது என்று சில இடங்களில் கட்டளை வருகிறது. பக்கத்துக் காம்பராவில் இழவு, இடையில் ஒரு சுவர். அதைத் தாண்ட விடாத பக்தி எந்தப் பிறரை முன்னே வைக்கிறது? இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் தோட்டத்தில் அயலான் என்றால் சபைக்காரன் மட்டுமல்ல.

பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு பெயர் எழுதப்போகும் ஆலயக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். இம்முறை முதல் பெயராக, வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவரின் பெயரை எழுதுங்கள். தோட்டத் தலைவரை உட்கார வைக்காமல் அவர் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுங்கள். பட்டியலில் வரும் பெண்களிடம், வீட்டில் காலைக் கழுவிக்கொண்டு வரவேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.