மொழிபெயர் தேயத்து மனையாள்

தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு சிறு நூற்பா உண்டு. நான்கே சொற்களால் ஆனது. முந்நீர் வழங்கும் செலவு பெண்ணோடு இல்லை என்பது அதன் பொருள். பொருள் தேடியோ பிற கடமை பற்றியோ தலைவன் கடல் கடந்து செல்வான். தலைவி உடன் செல்லாள். அவள் இல்லிருந்து ஆற்றியிருப்பாள். இளம்பூரணர் இவ்வாறே நேர்பட உரை கண்டார். அவருக்குப் பின் வந்த நச்சினார்க்கினியரோ ‘முந்நீர்’ என்பதைக் கடல் என்று கொள்ளவில்லை. மூன்று நீர்மை எனப் பிரித்து, ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைச் செலவும் தலைவியோடு கூட இல்லை என்றார்.

அரசு அலுவலகத்தில் விதிகளோடும், விதிகளைத் தொடர்ந்து வரும் விளக்க ஆணைகளோடும் இருபது ஆண்டுகளாகப் பழகியுள்ள நமக்கு இந்த உரை வேறுபாடு பெரும் வியப்பைத் தருவதில்லை. விதி ஒரு வாயிலை அடைக்கும். விளக்கம் எழுதுவோர் பக்கத்தில் உள்ள சாளரத்தையும் சேர்த்து அடைத்துவிடுவர். இளம்பூரணர் உரையின்படி பெண்ணுக்குக் கடல்வழி மட்டுமே இல்லை. நிலவழி இருந்தது என்று கொள்ள இடமுண்டு. நச்சினார்க்கினியர் உரையில் அதுவும் போயிற்று. அவருடைய புலமை மலை போன்றது. அதனைக் குறைத்துப் பேசும் தகுதி நமக்கில்லை. எனினும் இந்த இடத்தில் இளம்பூரணர் பக்கமே நாம் நிற்கிறோம். ஒன்று, சொல்லைப் பிரித்து வருந்திப் பொருள் காணாமலே அவர் உரை அமைகிறது. மற்றொன்று, அந்நூற்பா புலவர் பாடும் மரபைக் கூறுவதேயன்றி மாந்தர்க்கு இடும் ஆணையன்று.

மரபு என்று நாம் சொல்லுவதற்குச் சான்று சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. பெண் தலைவனோடு பாலை கடந்து செல்லும் உடன்போக்கைப் புலவர்கள் எத்தனை முறை பாடியிருக்கிறார்கள்! அதனினும் சிறந்த சான்றாக நாம் கருதுவது குறுந்தொகையின் பதினோராம் பாட்டு. பாடியவர் மாமூலனார். தலைவன் பிரிந்து வடக்கே போய்விட்டான். தலைவியின் வளை நெகிழ்கிறது. கண் உறங்காமல் கலங்குகிறது. இவ்விடத்திலேயே இருந்து அழுவதிலிருந்து தப்புவோம், எழுவாயாக என்று அவள் தன் நெஞ்சை நோக்கிக் கூறுகிறாள். வடுகர் முனை இருக்கிறது. அதற்கப்பால் வேற்படை மிகுந்த கட்டியின் நாடு இருக்கிறது. அதற்கும் அப்பால் மொழி வேறுபட்ட தேயம் இருக்கிறது. அத்தேயத்தில் அவர் இருப்பினும் அங்கே போகத் துணிந்தேன் என்று முடிக்கிறாள்.

இப்பாட்டைப் பிரிவாற்றாமைக்கு ஓர் எடுத்துக்காட்டாக மட்டும் வகுப்பறையில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். நாம் சற்று நின்று நோக்க வேண்டும். தலைவி இடையூறுகளை அடுக்கும் முறை கருதத்தக்கது. முதலில் எல்லைப்புறத்து மக்கள், பின்பு ஒரு குறுநில மன்னனின் படை, கடைசியில் மொழி. காடு, வெயில், கள்வர் என்று பாலைப் பாடல்களில் வழக்கமாக வரும் அச்சங்கள் இங்கே பேசப்படவில்லை. வேலினும் கொடியதாக, கடைசித் தடையாக, அவள் எண்ணிப் பார்ப்பது மொழி ஒன்றையே. ‘ஆயினும்’ என்னும் ஒரு சொல்லால் அதனையும் கடந்துவிடுகிறாள். கணவன் இருக்கும் வேற்றுமொழி நாட்டுக்குத் தானே சென்று சேர வேண்டும் என்று உறுதி கொண்ட பெண் ஒருத்தியைத் தமிழ் அத்துணைப் பழங்காலத்திலேயே கண்டிருக்கிறது. இதனை நாம் போதிய அளவு பாராட்டவில்லை.

இன்னொன்றும் உண்டு. தலைவி நெஞ்சுக்குக் கூறுவது போலத் தோழி கேட்கும்படி கூறினாள் என்று இப்பாட்டிற்குப் பழைய குறிப்பு துறை வகுக்கிறது. அகப்பாடலில் தலைவி பேசுவதற்கு ஒரு செவி எப்போதும் அருகிலேயே இருக்கிறது. மொழி வேறுபட்ட தேயத்தில் அந்தச் செவி இராது. அவள் அங்கே போய்ச் சேர்ந்த பின் யாரிடம் என்ன பேசினாள்? பாட்டு புறப்படுவதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. மாமூலனாரைக் குறை சொல்ல இடமில்லை. அகத்துறையின் அளவு அதுதான். அவருக்குப் பின் வந்த நாம் அந்தத் தொடர்ச்சியை எழுதினோமா என்பதே கேள்வி.

மணிமேகலைக்கு வருவோம். ஆதிரையின் கணவன் சாதுவன் கணிகையிடத்தும் சூதிலும் பொருளை இழந்து, வணிகரோடு கலம் ஏறினான். கலம் கவிழ்ந்தது. ஒடிந்த மரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு நக்க சாரணர் வாழும் நாகர் மலைக் கரையை அடைந்தான். மனிதரைத் தின்னும் அவர்கள் உறங்கும் அவனைச் சூழ்ந்தபோது, அவர்கள் மொழியிலேயே அவன் விடை கூறினான். அதனால் உயிர் பிழைத்தான். அவர்கள் தலைவனிடம் அழைத்துச் செல்லப்பட்டான். வழங்கப்பட்ட பெண்ணையும் கள்ளையும் ஊனையும் மறுத்தான். அவர்களோடு மறுபிறப்பைப் பற்றி வாதிட்டு, உயிர்க்கொலையை விடுக்கும்படி அறமும் உரைத்தான். பின்னர்ச் சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் ஊர் திரும்பினான்.

சாதுவன் அம்மொழியை எங்கே கற்றான் என்று சாத்தனார் கூறவில்லை. புகார்த் துறைமுகத்தில் பல நாட்டார் கூடியிருந்தனராதலின், அங்கே கேட்டுப் பழகியிருக்கலாம். மொழியறிவு உயிரைக் காக்கும் என்பதனை இத்துணைத் தெளிவாகக் காட்டிய காட்சி நம் காப்பியங்களில் அரிது. ஆனால் அதே காதையில் ஆதிரைக்குக் கிடைத்தது என்ன? கணவன் இறந்தான் என்ற பொய்ச் செய்தியும், சுடலையில் அடுக்கிய விறகும், சுடாத தீயும். கணவனுக்கு மொழி, மனைவிக்கு நெருப்பு. கற்பின் சிறப்பைக் காட்ட வந்த காதையாகலின் இவ்வாறு அமைந்தது என்று அமைதி கூறலாம். அமைதி கூறினும் உறுத்தல் போவதில்லை.

மலையாள மொழியில் 2008ஆம் ஆண்டு வெளிவந்த பென்யாமினின் ஆடு ஜீவிதம் என்னும் நாவலை இத்துடன் வைத்துப் படித்தால் ஓர் ஒப்புமை புலப்படும். நஜீபு கருவுற்ற மனைவியை ஊரில் விட்டுவிட்டு ரியாத் நகரில் இறங்குகிறான். அரபி மொழி தெரியாது. அழைக்க வந்தவர் யார் என்று கேட்டறியவும் இயலாமல் ஒருவன் பின்னே செல்கிறான். பாலையில் ஆட்டுப்பட்டியில் அடைபடுகிறான். மொழியறிந்த சாதுவன் மனிதரைத் தின்போரிடையே பிழைத்தான். மொழியறியாத நஜீபு மனிதரிடையே ஆடானான். இரு படைப்புகளும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் ஒரே உண்மையை இரு புறத்திலிருந்தும் கூறுகின்றன. இரண்டிலும் மனைவி ஊரிலேயே இருக்கிறாள் என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆதிரையும் சைனுவும் காத்திருக்கிறார்கள். நூற்பா இன்னும் செல்லுபடியாகிறது போலும்!

ஆனால் வரலாறு நூற்பாவுக்குக் கட்டுப்படவில்லை. பெண்கள் முந்நீர் கடந்தார்கள். கடந்தபோது அவர்களை நிறுத்தியது இலக்கண மரபன்று, சட்டம். தென்னாப்பிரிக்காவில் 1913ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கேப் மாகாண நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். பலதார மணத்துக்கு இடந்தரும் சமய முறைப்படி நடந்த திருமணம் அந்நாட்டுச் சட்டத்தின் முன் திருமணமன்று என்பது அதன் சாரம். அதன் விளைவு, இந்தியாவிலிருந்து கணவனிடம் செல்லும் பெண் மனைவி என்ற உரிமையில் கரையிறங்க முடியாது என்பதாயிற்று. தாலி கட்டி வாழ்ந்த குடும்பங்கள் ஒரே நாளில் ஏட்டளவில் குடும்பங்கள் அல்லவாயின. அவ்வாண்டு காந்தியடிகள் நடத்திய அறப்போரில் பெண்களும் இறங்கியதற்கு இத்தீர்ப்பு ஒரு தலையாய காரணம். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட மகளிர் குழுவினருள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்களே. அவர்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரிடம் பேசினர்; வேலை நிறுத்தம் மூண்டது. அதே போரில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22ஆம் நாள் தம் பதினாறாம் வயதில் உயிர் நீத்தார். அவ்வாண்டே நிறைவேறிய இந்தியர் துயர்நீக்கச் சட்டம் மனைவியின் உரிமையை ஏற்றது.

வள்ளியம்மையைப் பற்றி நம்மிடம் பாராட்டுரைகள் பல உள. அவற்றுள் அவரைத் தியாகச் சுடராகக் காட்டுவன மிகுதி. ஒரு குடும்பம் குடும்பமாக இருக்கும் உரிமைக்காக அப்பெண்கள் போராடினர் என்பதை எடுத்து விரிப்பன குறைவு. இதுவும் ஆதிரைக்கு நேர்ந்ததைப் போன்றதே. பெண்ணைச் சுடராக்கிவிட்டால் அவள் பேசியதைக் கேட்க வேண்டிய கடமை நமக்கு நீங்கிவிடுகிறது.

சீன மக்களின் அனுபவம் இதனினும் நெடியது. அமெரிக்கா 1882ஆம் ஆண்டு சீனத் தொழிலாளரை விலக்கும் சட்டம் இயற்றி, 1943இல்தான் நீக்கியது. 1910 முதல் 1940 வரை சான்பிரான்சிஸ்கோவை அடுத்த ஏஞ்சல் தீவில் வந்தவர்களைத் தடுத்து வைத்து விசாரித்தனர். கணவனையும் மனைவியையும் தனித்தனியே நிறுத்தி, மொழிபெயர்ப்பாளர் வாயிலாக, ஊரில் வீட்டுக்கு எத்தனை படி, அடுத்த வீட்டில் யார் என்றெல்லாம் கேட்டனர். விடைகள் ஒத்துவராவிடில் திருப்பி அனுப்பப்படலாம். தடுத்து வைக்கப்பட்ட ஆடவர்கள் அங்கிருந்த மரச்சுவர்களில் சீன மொழியில் பாடல்களைச் செதுக்கினர். இன்றும் அவை உள்ளன. பெண்களைத் தங்க வைத்த கட்டடமோ 1940இல் தீக்கிரையாயிற்று. அவர்களும் பாடியிருந்தால் அப்பாடல் நமக்குக் கிடைக்க வழியில்லை.

இக்காலத்திலும் வாயில்கள் புதுப்புது வடிவில் அடைக்கப்படுகின்றன. ஜெர்மனி 2007 முதலும் பிரிட்டன் 2010 முதலும், கணவனோடோ மனைவியோடோ சேர வருபவர் அந்நாட்டு மொழியில் அடிப்படைத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று விதித்தன. அமெரிக்காவில் பணி விசா பெற்றவரின் மனைவி, தன் விசாவில் இருந்தபடியே வேலை பார்க்கும் உரிமையின்றி நெடுங்காலம் இருந்தாள். 2015இல் ஒரு பகுதியினர்க்கு மட்டும் அது கிடைத்தது. நம் சங்கத்துக் குடும்பங்களிலேயே திருமணத்திற்கு நாள் பார்ப்பதோடு மொழித்தேர்வுக்கும் நாள் பார்க்கிறார்கள். குறுந்தொகைத் தலைவி ‘ஆயினும்’ என்று கூறிக் கடந்ததனை இன்றைய மணப்பெண் மதிப்பெண் பெற்றுக் கடக்க வேண்டியிருக்கிறது.

நெடுந்தொலைவு போவானேன்? இத்திருவனந்தபுரத்தையே எடுத்துக்கொள்வோம். கரமனையிலும் சாலையிலும் கோட்டையகத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்கின்றனர். தும்பாவில் 1963இல் ராக்கெட் எழுந்த பின்னும், நடுவண் அரசு அலுவலகங்களின் இடமாற்றங்களாலும் வந்து சேர்ந்தோர் பலர். மணமாகி இங்கு வரும் தமிழ்ப் பெண்ணுக்குக் கடலுமில்லை, விசாவுமில்லை. மலையாளம் தமிழுக்கு உடன்பிறந்த மொழி; ஆகவே இடர் இல்லை என்று வீட்டார் கருதுகின்றனர். இடர் அங்கேதான் பிறக்கிறது. முற்றிலும் அயலான மொழி அறியாமையை வெளிப்படையாகக் காட்டிவிடும். உறவு மொழியோ அறிந்ததுபோல் மயக்கும். அடுத்த வீட்டு அம்மையார் ‘வெள்ளம்’ வேண்டுமா என்று கேட்டால், திருநெல்வேலிப் பெண் ஆற்றுப் பெருக்கை நினைக்கிறாள். அவர் கேட்டது குடிநீர். அன்போடு ‘குட்டி’ என்று அழைத்தால் இவளுக்குச் சினம் வருகிறது. ‘பட்டி’ என்று நாம் ஊர்ப்பெயரைச் சொன்னால் அவர்கள் நாயை நினைத்துச் சிரிக்கிறார்கள். ‘சம்பந்தம்’ என்பதைச் சொல்லவே வேண்டாம். நமக்கு அது கொள்வினை கொடுப்பினை, பழைய கேரளத்தில் அது ஒரு மணமுறையின் பெயர்.

மணமும் சட்டமும் மனைவியின் நிலையும் ஒன்றோடொன்று பின்னியதை நம் மண்ணில் பாடியவர் கவிமணி ஒருவரே எனலாம். நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியத்தில் காரணவரின் ஐந்தாம் மனைவி தானே வாய் திறந்து பேசுகிறாள். அழுகையும் நகையும் கலந்த அப்பேச்சு தமிழ் நாட்டார் பலருக்கு முழுமையாக விளங்காத நாஞ்சில் வழக்கிலேயே அமைந்தது அதன் வலிமை. 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்ததில் அப்பாட்டின் பங்கும் உண்டென்பர். ஒரு பெண் பேசும்படி விட்டதனால் விளைந்த பயன் அது.

இந்நகரத்துத் தமிழ் நாவலாசிரியர்களுள் நீல. பத்மநாபன் பள்ளிகொண்டபுரத்தில் ஒரு மலையாளியின் நெஞ்சத்தைத் தமிழில் நடமாட விட்டார், ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவின் பேச்சை அப்படியே பிடித்து வைத்தார். இவ்விருவர் அருமையையும் தமிழகத்து விமர்சகர்கள் தாமதமாகவே உணர்ந்தனர் என்பது நம் நெடுநாளைய மனக்குறை. ஆயினும் இவர்கள் காட்டிய இருமொழி உலகம் பெரிதும் தெருவின் உலகம், ஆண்கள் உலவும் உலகம். அடுக்களையிலும் கொல்லைப்புற மதிலருகிலும் நியாயவிலைக் கடை வரிசையிலும் இரண்டு மொழிக்கு நடுவே நின்று சொல் தேடும் பெண்ணை எழுதும் பொறுப்பு இன்னும் நிறைவேறவில்லை. அதனை எழுதத்தக்கவர் அந்த வரிசையில் நின்ற பெண்களே. சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வீட்டுத் தலைவர்களுக்கு மட்டும் மடல் எழுதும் வழக்கத்தை, அடுத்த மலர்க்குழு முதலில் மாற்றிப் பார்க்கலாம்.