எண் மட்டும் போதுமா?

இஞ்சி சாகுபடி பற்றிய சிறு கையேடுகளைப் புரட்டிப் பாருங்கள். விதையளவு, இடைவெளி, மூடாக்கு எல்லாம் விளக்கமாக இருக்கும். உரம் என்ற தலைப்பின் கீழ் மட்டும் பல கையேடுகளில் ஒரே வரிதான்: ஹெக்டேருக்கு 75 : 50 : 50. எண்ணில் பிழையில்லை, கேரளத்தில் பரிந்துரைக்கப்படும் அளவே அது. அந்த எண் எதைக் குறிக்கிறது, எப்போது இடவேண்டும் என்பவற்றைச் சொல்லாமல் விடுவதே குறை.

முதலில் பொருள். 75 கிலோ என்பது தழைச்சத்தின் எடை; உர மூட்டையின் எடையன்று. யூரியாவில் 46 சதவீதமே தழைச்சத்து. ஆகவே 75 கிலோ சத்துக்குச் சுமார் 163 கிலோ யூரியா வேண்டும். எண்ணை அப்படியே நம்பி 75 கிலோ யூரியா இட்டவர், 34.5 கிலோ சத்தைத்தான் கொடுத்திருக்கிறார். பாதிகூட இல்லை! விளைச்சல் குறைந்தால் குற்றம் மண்ணினுடையதா, கையேட்டினுடையதா?

அடுத்தது காலம். இஞ்சி வேரன்று, மட்டநிலத்தண்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். கணுவும் செதிலிலையும் மொட்டும் அதற்குச் சான்று. தண்டில் சேமித்த உணவைக் கொண்டே முளை முதலில் வளர்கிறது. அப்போது மண்ணிலிருந்து அது எடுக்கும் சத்து சொற்பம். வேர்கள் பரவி, தூர்கள் பெருகிய பிறகே உறிஞ்சுதல் வேகம் கொள்கிறது.

கேரளத்தில் இஞ்சி நடுவது ஏப்ரல், மே மாதங்களில். பின்னாலேயே பருவமழை வருகிறது. தழைச்சத்து முழுவதையும் நடவின்போதே கொட்டினால், நைட்ரேட்டாக மாறிய பகுதி மழைநீரில் கரைந்து வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். எனவேதான் மணிச்சத்து முழுவதும் சாம்பல்சத்தில் பாதியும் அடியுரமாகவும், தழைச்சத்தில் பாதி 60ஆம் நாளிலும், எஞ்சிய தழைச்சத்தும் சாம்பல்சத்தும் 120ஆம் நாளிலும் இடும்படி பரிந்துரை கூறுகிறது.

மாணவர்களே, இதை நீங்களே சோதிக்கலாம். கழுவிய மணலில் மொட்டுள்ள இஞ்சித் துண்டு ஒன்றைப் புதைத்து, உரமின்றித் தண்ணீர் மட்டும் தெளித்து வாருங்கள். பொறுத்திருந்தால் முளை மேலே வரும். அதற்குச் சோறு போட்டது மணலா, துண்டா?

கையேடு எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். எண்ணோடு பொருளையும் நாளையும் சேர்த்து அச்சிடுங்கள். கூடுதலாகத் தேவைப்படுவது மூன்றே வரிகள். அவை இல்லாவிட்டால் இழப்பது உழவரின் ஓராண்டு உழைப்பு.