கொண்டித்தோப்பிலிருந்து கித்தாக் காட்டுக்கு

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மலாக்கா ஜாசின் பக்கத்துக் கித்தாத் (ரப்பர்) தோட்டத்து லயத்தில் அவள் வீட்டில்தான் புத்தகங்கள் இருந்தன. தகரப்பெட்டிக்குள் பட்டுச்சேலைக்கு அடியில் அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை, மாரியம்மன் தாலாட்டு, முன்னும் பின்னும் தாள் போன ஒரு விக்கிரமாதித்தன். அட்டை பிழைத்திருந்த மூன்றிலும் ஒரே பெயர்: பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ், கொண்டித்தோப்பு, சென்னை.

சம்பளம் போட்ட இரவில் பெட்டி திறக்கும். பக்கத்து வீட்டுத் தாத்தா வந்து திண்ணையில் உட்காருவார். கவிழ்த்த வாளியின்மேல் சிம்னி விளக்கு. பாட்டி புத்தகத்தை முந்தானையால் துடைத்து அவர் கையில் கொடுப்பாள். அவர் ராகம் போட்டு இழுக்க, சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் வெற்றிலை மடித்துக்கொண்டு கேட்பார்கள். ஆள்கணக்கு எடுக்கும் விடிகாலைப் பெரட்டுக்கு எழ வேண்டும் என்று யாராவது முணுமுணுத்தால்தான் புத்தகம் மூடும்.

அந்தப் புத்தகங்களின் பெரிய எழுத்தின் அருமை எனக்குப் பிடிபட வெகுநாள் ஆயிற்று. கண் மங்கியவர்களுக்காகப் பெரிதாக அச்சடித்தார்கள் என்றே நினைத்திருந்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்து, மடியில் கிடக்கும் புத்தகத்தைக் குனியாமல் பார்த்து, குரலை எதிரே இருப்பவர்கள்மேல் செலுத்த வேண்டுமானால் எழுத்து அந்த அளவில்தான் இருக்க வேண்டும். இவை ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதற்கென்று அச்சான புத்தகங்கள்.

பாட்டின் கட்டும் அப்படித்தான். அம்மானை நடையில் ஒரு வரி சொன்னதை அடுத்த வரி கொஞ்சம் மாற்றித் திரும்பச் சொல்லும். பண்டிதர்கள் இதைக் கூறியது கூறல் என்று தள்ளுவார்கள். அழுகிற பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வந்து மறுபடி உட்காருகிற பெண்ணைக் கேளுங்கள், அதன் அருமையைச் சொல்வாள்.

அச்சுப்பிழைக்குப் பஞ்சமில்லை. பிழையறப் பார்த்து அச்சிட்டதாக முகப்பில் சத்தியம் இருக்கும். உள்ளே றகரமும் ரகரமும் இடம் மாறிக் கிடக்கும். தாத்தாவின் ராகத்தில் அது யார் காதுக்கும் எட்டியதில்லை. படங்களைப் பற்றி அவ்வளவு தாராளமாகப் பேச மாட்டேன். மரக்கட்டையில் செதுக்கிய ஒரே ராஜா ஒரு கதையில் பாண்டியனாகவும் இன்னொன்றில் வேறு தேசத்து மன்னனாகவும் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் அந்தத் தடித்த கோடுகளும் உருண்ட விழிகளும், வழவழத் தாளில் வரும் இன்றைய சாமி படங்களைவிட எனக்கு உயிரோட்டமாகத் தெரிகின்றன.

இவை வந்த வழி நீளமானது. 1835இல் அன்றைய கவர்னர் ஜெனரல் மெட்காப் கொண்டுவந்த சட்டம் அச்சகம் வைப்பதற்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதன் பிறகு சென்னையில் அச்சுக்கூடங்கள் பெருகின. 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததைத் தமிழுலகம் கொண்டாடியது, நியாயமாகவே. அந்தக் காலத்தில் குஜிலிக் கடைத்தெருவில் மலிவுத்தாளில் கதைப்பாட்டும் சிந்தும் விற்றவர்களை யாரும் கொண்டாடவில்லை. ஆ.இரா.வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்று ஒரு நூலே எழுதிய பிறகுதான் பலர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மலிவுத்தாள் மரபில் நீண்டகாலம் தாக்குப்பிடித்த பெயர்களில் ஒன்று இரத்தின நாயகருடையது. அல்லி, பவளக்கொடி, புலந்திரன் கதைகளையெல்லாம் நளவெண்பா பாடிய புகழேந்தியின் தலையில் கட்டுவது இவ்வகைப் பதிப்புகளின் வழக்கம். சிறையிலிருந்தபடி, தண்ணீருக்குப் போகும் பெண்களுக்காக அவர் பாடிக்கொடுத்தாராம். ஆராய்ச்சியாளர்கள் ஏற்க மாட்டார்கள். எனக்கென்னவோ தண்ணீர்க் குடத்தோடு நின்று கேட்கும் அந்தப் பெண்களை விட்டுக்கொடுக்க மனமில்லை.

அச்சுக்கு மலாக்கா அந்நியமில்லை. 1815இல் இங்கே வந்த மில்ன் பாதிரியாரின் மிஷன் அச்சகத்தில்தான் மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா தொழில் கற்றார். தமிழ் வழிவந்தவர், சிறுவயதில் தமிழும் படித்தவர். மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கணக்குவழக்குக்காகத் தமிழ் கற்பது வழக்கம் என்று தன் சரிதையில் எழுதியும் வைத்தார், மலாயில். ஆனாலும் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896இல் ரப்பர் நட்டு, காடுகள் தோட்டங்களாகி, கங்காணிகள் ஆள் கட்டி வந்தபோது அந்த ஆட்களுக்கான புத்தகமும் கப்பலேறித்தான் வர வேண்டியிருந்தது. 1926 முதல் ஓடிய ரஜுலா கப்பலில் என் சொந்தத் தாத்தா வந்தார். விக்கிரமாதித்தனும் அவரோடு வந்தது என்று பாட்டி சொல்வாள்.

லயத்தில் அதிகம் கேட்டது விக்கிரமாதித்தன் இல்லை. நல்லதங்காள். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடிப் போனவளை அண்ணி மூளி அலங்காரி கதவடைத்து விரட்டுகிறாள். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுகிறாள். ஊரில் அண்ணன் தம்பிகளை விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்த பெண்கள் அந்த இடத்தில் கேவிக் கேவி அழுவார்கள். ஒருமுறை பக்கத்து வீட்டுத் தாத்தா இரக்கப்பட்டு இரண்டு பக்கத்தைத் தாண்டிப் போக, ‘ஏன் மாமா, கடைசிப் புள்ளைய விட்டுட்டீங்களே’ என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் தாளைப் பின்னால் புரட்டினார்.

அல்லி வேறு ரகம். மதுரையை ஆண்டவள், ஆண்வாடையே ஆகாதவள். அர்ச்சுனன் பாம்பாக உருமாறி அவள் அறைக்குள் நுழைகிற கட்டத்தில் ஆண்கள் சிரிப்பார்கள். பெண்கள் சிரித்ததாக நினைவில்லை. ஆணுக்குச் சமமாகப் பால்மரம் வெட்டிக் கையில் கூலி வாங்கியவர்கள் அவர்கள்; அல்லி ராஜ்யம் என்பது அவர்கள் வாயில் வசைச்சொல் ஆனதில்லை.

தோட்டம் துண்டுபோட்டு விற்கப்பட்டு, லயத்தை இடித்தபோது தகரப்பெட்டி எங்களோடு டவுனுக்கு வந்தது. கரையான் முந்திக்கொண்டதில் மிஞ்சியது தாலாட்டு மட்டும். போன ஆடியில் மலாக்கா ஜாலான் பெண்டகாராவில் ஒரு பூசைச் சாமான் கடைக்குப் போயிருந்தேன். கற்பூர டப்பாக்களுக்குப் பின்னால் அதே தாலாட்டு, புது அச்சில். பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி அதையே எடுத்து, நடுப்பக்கத்தை விரித்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். உதடு அசைந்தது. கடைக்காரப் பையன் சில்லறை எண்ணி முடித்து நீட்டிய பிறகும் அவள் படித்துக்கொண்டுதான் இருந்தாள், கொஞ்சம் சத்தமாகவே.