ஐ, கு, ஓடு: சமய ஏற்பு குறித்த கத்தோலிக்கத் தமிழ்ச் சொற்கள் – ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

ஒருவர் கத்தோலிக்க நெறியில் சேர்வதும், தாம் பெற்ற நம்பிக்கையைப் பிறர்க்கு எடுத்துரைப்பதும் பதினாறாம் நூற்றாண்டு தொட்டுத் தமிழில் எழுதப்பட்டு வரும் பொருள்களாகும். இவை குறித்த சொற்களை ஆராய்வோர் பெரும்பாலும் வடசொல்லா, தென்சொல்லா என்னும் வினாவோடு நின்றுவிடுகின்றனர். ஞானஸ்நானம் திருமுழுக்கானதும், சுவிசேஷம் நற்செய்தியானதும் அவ்வினாவுள் அடங்கும். எனினும், வினையை ஆற்றுபவர் யார், அது யாரைச் சென்று சேர்கிறது என்பது அதனினும் அடிப்படையான வினாவாகும். இக்கட்டுரை அச்சொற்களின் தன்வினை, பிறவினை வேறுபாட்டையும், அவை வேண்டி நிற்கும் வேற்றுமை உருபுகளையும் கொண்டு அவற்றை மதிப்பிடுகின்றது.

1. சவேரியாரின் திருத்தங்கள்

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், அங்குள்ளோர் சிலரின் துணைகொண்டு மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்த்துக் கற்பித்தார். 1544-இல் தம் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்கு எழுதுகையில் அம்மொழிபெயர்ப்பில் அவர் இரு திருத்தங்களைச் சுட்டுகின்றார். நம்பிக்கை அறிக்கையில் 'எனக்கு வேணும்' என்றிருந்ததை 'விசுவசிக்கிறேன்' என மாற்றவேண்டும் என்பது ஒன்று. முன்னது விருப்பத்தையே குறிக்கும் என்பது அவர் தரும் காரணம். கிறித்துவின் பாடுகளைச் சொல்லுமிடத்து 'வன்பினாலே' என்னும் சொல்லை விலக்கவேண்டும் என்பது மற்றொன்று. கிறித்து பாடுபட்டது தம் விருப்பினாலன்றி வன்முறையினால் அன்று என்பது அதற்குரிய காரணம்.

இத்திருத்தங்கள் சொற்பொருள் அளவில் நிற்பவை அல்ல. 'எனக்கு வேணும்' என்பதில் பேசுவோர் நான்காம் வேற்றுமையில் நிற்கின்றார். வினைமுற்று அவரைக் காட்டும் விகுதி பெறுவதில்லை. 'விசுவசிக்கிறேன்' என்பதிலோ ஏன் விகுதி வழியாக நம்புவோரே எழுவாயாகின்றார். தமிழில் தேர்ச்சி பெறாத ஒருவரின் திருத்தமாயினும், நம்பிக்கை என்பது நம்புவோரின் சொந்தச் செயல் என்பதனை அது இலக்கணத்துள் நிலைநிறுத்துகின்றது.

2. திரும்புதலும் மாறுதலும்

விவிலியத்தின் எபிரேய வினை 'திரும்பி வருதல்' என்னும் பொருளது. கிரேக்கச் சொல் 'மெத்தனோயா' உள்ளத்தின் மாற்றத்தைச் சுட்டுவது. பழைய மொழிபெயர்ப்புகளின் 'மனந்திரும்புதல்' முன்னதற்கு நெருக்கமானது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்தின் 'மனம் மாறுதல்' பின்னதற்கு நெருக்கமானது. திரும்புதல் என்னும்போது திரும்பிச் செல்லும் இடம் ஒன்று உணரப்படும். மாறுதல் அத்திசையைக் காட்டுவதில்லை. ஆயினும் அதனால் ஒரு பயனும் உண்டு. திருத்தூதர் பணிகள் 3:19-இல் மாறுதலுக்கும் திரும்புதலுக்கும் தனித்தனிக் கிரேக்க வினைகள் வருகின்றன. பழைய பெயர்ப்பு முதலாவதற்கே திரும்புதலைப் பயன்படுத்திவிட்டமையால், இரண்டாவதற்குக் 'குணப்படுதல்' என்பதைத் தேடவேண்டியதாயிற்று. இன்று அச்சொல் நோய் நீங்குதலையே பெரிதும் உணர்த்தும்.

3. 'மாற்றம்' என்னும் பெயர்

மனம் மாறுதல் 'மனமாற்றம்' எனப் பெயராகும்போது இடர்ப்பாடு தோன்றுகின்றது. ஏறு என்பதினின்று ஏற்றம் பிறப்பதுபோல் மாறு என்னும் தன்வினையினின்று மாற்றம் பிறக்கும். மாற்று என்னும் பிறவினையினின்றும் அதே வடிவம் பிறக்கும். ஆகவே 'மதமாற்றம்' என்பது ஒருவர் தாமே மாறியதையும், பிறரொருவர் அவரை மாற்றியதையும் ஒருங்கே குறிக்கின்றது. மாறுதல், மாற்றுதல் என்னும் தொழிற்பெயர்களில் தெளிவாக இருந்த வேறுபாடு இங்கு மறைகின்றது.

இம்மயக்கம் சட்டத்தையும் தொடுவது. 2002-இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டு, 2004-இல் அவசரச் சட்டத்தால் நீக்கப்பட்ட சட்டம் கட்டாய மதமாற்றத்தைத் தடைசெய்வது. பொதுவழக்கில் 'கட்டாய' என்னும் அடை நீங்கி 'மதமாற்றத் தடைச் சட்டம்' என அது சுருங்கியபோது, தாமே மாறுவதும் தடைக்குள் அடங்குவதுபோன்ற தோற்றம் உண்டாயிற்று.

4. மூன்று உருபுகள்

நம்பிக்கையைப் பிறரிடம் கொண்டுசெல்லுதலைக் குறிக்கும் வினைகள் கேட்போரை மூவகையாக நிறுத்துகின்றன. 'ஒருவரை மாற்றினார்' என்பதில் கேட்பவர் செயப்படுபொருள். 'ஒருவர்க்கு அறிவித்தார்' என்பதில் அவர் ஏற்போர். கொள்வதும் தள்ளுவதும் அவரைச் சார்ந்தவை. 'ஒருவரோடு பகிர்ந்தார்' என்பதில் அவர் உடன்நிற்பவர். 'பரப்பினார்' என்னும்போது செயப்படுபொருளாவது சமயமே. மக்கள் 'இடையே' என்னும் உருபுபோன்ற சொல்லோடு இடமாக மட்டும் நிற்பர்.

அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையை வழங்குகின்றது. அவ்வுரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையை உள்ளடக்காது என 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் எல்லை குறித்து விவாதங்கள் உண்டு. எனினும் தமிழில் அவ்வேறுபாட்டை 'சமயத்தை', 'ஒருவரை' என்னும் இரு செயப்படுபொருள்களே காட்டிவிடுகின்றன. எவரையும் நம்பிக்கை ஏற்கும்படி வற்புறுத்துவதையோ, தகாத முறையில் கவர்வதையோ இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965-ஆம் ஆண்டு மறைபரப்பு ஆணையும் தடைசெய்கின்றது. ஆதலின் திருச்சபையின் இக்கொள்கையைப் பெயர்க்கையில் கு, ஓடு ஏற்கும் வினைகளே பொருந்துவன.

5. வரலாற்று நூல்களில்

ஆங்கிலிக்கன் குருவாயிருந்த நியூமன் 1845-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அவர் முன்னரே கிறித்தவராதலின் அவரை 'மதம் மாறினார்' என்பது பிழை; 'திருச்சபையில் சேர்ந்தார்' என்பதே சரியானது.

திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராயிருந்த நீலகண்ட பிள்ளை, டச்சுப் படைத்தலைவர் டி லனாய் வழியாகக் கிறித்தவத்தை அறிந்து 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1752-இல் கொல்லப்பட்ட அவர் 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 'இலாசர்' என்பதன் பொருளைத் தமிழ்ப்படுத்தியதே அவர் பெற்ற 'தேவசகாயம்' என்னும் பெயர். 'டி லனாய் அவரை மாற்றினார்' என்றெழுதினால், உயிரிழக்கும் அளவும் அவர் நின்ற உறுதி வேறொருவரின் செயலாகிவிடும். 'அவரோடு உரையாடினார், அவர் தழுவினார்' என்பதே இருவரின் செயலையும் காக்கும்.

எனினும் 'தழுவினர்' என்பதை எங்கும் இடுவதும் தகாது. 1535 முதல் பரதவர் திரளாகச் சேர்ந்தமைக்குப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடியதும் காரணம். முடிவெடுத்தோர் சமூகத் தலைவர்கள். இங்குத் 'திருமுழுக்குப் பெற்றனர்' என்பதே நிகழ்ந்ததற்கு மிகாமல் உரைப்பது. வற்புறுத்தல் நிகழ்ந்த இடங்களில் 'மாற்றப்பட்டனர்' என்றெழுதத் தயங்குதலும் கூடாது.

6. முடிவுரை

மதமாற்றம் என்னும் பெயர்ச்சொல்லைக் காணுமிடமெல்லாம் மொழிபெயர்ப்பாளர் அதனை வினையாக விரித்து நோக்குதல் வேண்டும். அவ்வாறு விரிக்கையில் எழுவாயும் வேற்றுமையுருபும் வெளிப்படும். சேர்ந்தவர், சேர்த்தவர், உடன்நின்றவர் ஆகியோரின் பங்கு தெளிவுறும். கலைச்சொல் அகராதிகள் இச்சொற்களுக்கு நிகர்ச்சொற்களோடு வேற்றுமை அமைப்பையும் தருமாயின், அவை சமய நூல்களைப் பெயர்ப்போர்க்கும் சட்ட நூல்களைப் பெயர்ப்போர்க்கும் ஒருங்கே பயன்படும்.